எங்கள் வீட்டில் மலை கிடையாது

எங்கள் ஊர்த் தமிழில் பிழை கண்டுபிடிக்க வருகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். மாத்தளைக்கு அருகே பலாபத்வலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வாத்தியாராக இருந்த காலத்தில் சிவப்புப் பென்சில் இல்லாமல் நான் வெளியே போனதில்லை. பிள்ளைகள் 'கந்தோர்' என்று எழுதினால் வெட்டிவிட்டு 'அலுவலகம்' என்று எழுதுவேன். 'காம்பரா'வை வெட்டி 'அறை'. 'சப்பாத்து'வை வெட்டி 'பாதரட்சை'. அதுவும் தமிழ் இல்லை, வடமொழி என்று ஒருவர் சொன்னபோது அவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். பேக்கரியில் சுடும் பாணுக்கு மட்டும் கடைசிவரை ஒரு சொல் அகப்படவில்லை. 'ரொட்டி' என்று எழுதலாம்தான். பக்கத்தில் உண்மையான ரொட்டி இருந்து சிரிக்கும்.

அவ்வளவும் வீண் வேலை என்று இப்போது எழுதுகிறேன். போர்த்துக்கேயன் விட்டுப்போன அலுமாரியில் துணியை வைத்து, ஒல்லாந்தன் விட்டுப்போன கந்தோரில் கைநாட்டு வைத்து, ஆங்கிலேயன் நட்ட தேயிலையைப் பறித்து, சிங்களச் சந்தையில் காரத்துக்குக் கொச்சிக்காய் வாங்கி, தமிழில் சண்டை போட்டவர்கள் நாங்கள். அந்தச் சண்டையில் சொல் கிடைக்காமல் யாரும் பாதியில் நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் சொற்களில் சில வேடிக்கைகள் உண்டு. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் இடம் பெரட்டு. அங்கே ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று கணக்கு. பறித்த கொழுந்து குறைந்துபோனால் 'அரைப் பேர்'. "இன்னைக்கு எனக்கு அரைப் பேருதான்" என்று ஒரு பெண் கூடையை இறக்கி வைப்பாள். உலகத்தில் வேறெங்காவது மனிதருக்குப் பாதிப் பெயர் போடுவார்களா என்று தெரியவில்லை.

அடுத்தது மலை. தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தோட்டத்தில் மலை என்றுதான் பெயர். மூன்றாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை. பள்ளத்தில் ஓடையோரம் சப்பையாகக் கிடந்தாலும் அது மலைதான். "எந்த மலையில வேலை?" என்று கேட்காத வாய் தோட்டத்தில் இல்லை. ஒரு வாய் தவிர. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

என் பெயரின் கடைசிப் பாதி 'மலை'. முதல் பாதியை எழுதமாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும். அது என் தாத்தாவின் பெயர். அவர் அந்தத் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்தவர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். என்னைப் பெற்றவள் ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு நான் 'பெரியவன்'. தோட்டத்துக்கு நான் 'வாத்தியார்'. என் பெயர் குடியிருந்தது பாடசாலை வரவு இடாப்பிலும் நான் போட்ட கையெழுத்திலும் மட்டும்தான்.

பிறகு மனைவி வந்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண். கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். பெயரை மட்டும் ஒதுக்கினால் பரவாயில்லை. அதற்குள் இருந்த மலையையும் ஒதுக்கிவிட்டாள். கல்யாணம் முடிந்த மறுவாரம் கொழுந்து பறிக்கப் போய் வந்தவளிடம், "எந்த மலை?" என்று கேட்டேன்.

"ஏழாம் நம்பரு."

"ஏழாம் நம்பர் என்ன?"

"ஏங்க, ஏழாம் நம்பருன்னா ஏழாம் நம்பருதான்."

மலைச்சரிவில் பிறந்து, மலையில் நடந்து, மலையில் வேலை செய்து, மலையைப் பார்த்துச் சமைத்த ஒருத்தி அந்தச் சொல் இல்லாமல் வாழ்ந்தாள். மேடு என்பாள், உச்சி என்பாள், "அந்த ஒசரம்" என்பாள். அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. படித்தவன் வீட்டில் இதென்ன கூத்து என்று நினைத்தேன். நான் மட்டும் அவளைப் பெயர் சொல்லி ஏழு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிடுவேன். அவள் என்னை "ஏங்க" என்பாள். அந்த 'ஏங்க'வை நான் ஒரு சொல்லாகவே மதிக்கவில்லை.

நாடு சுதந்திரம் பெற்ற கையோடு தோட்டத்து மக்கள் எந்த நாட்டார் என்ற கேள்வி வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் மனுப்போட்டு, விசாரணைக்குப் போய் நிரூபித்துத்தான் பிரஜா உரிமை வாங்கவேண்டும் என்றார்கள். கிடைக்காதவனுக்கு 'நாடற்றவன்' என்று பெயர். தெருவில் திட்டுவதற்கு வேறொரு சொல் இருந்தது: கள்ளத்தோணி. திருட்டுத்தனமாகத் தோணியில் வந்து இறங்கியவன் என்று அர்த்தம். நான் பிறந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் கண்ணுக்குத் தெரியாது. தோணியை நான் முதலில் பார்த்தது நாலாம் வகுப்புப் பாடப்புத்தகத்துப் படத்தில். திட்டுகிறவன் ஊரைப் பார்த்துத் திட்டக்கூடாதா? மலையில் இருப்பவனைத் திட்ட, மலைக்கு ஏற்ற ஒரு சொல்லைச் செய்து கொள்ளக்கூட அவர்களுக்குச் சோம்பல்.

தோட்டத்தில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். என் மனுவில் மனைவியும் கைக்குழந்தையும் சேர்த்தி. விசாரணையில் அவளையும் கேட்பார்கள் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். அவள் என் மனைவிதான், இந்த நாட்டை விட்டுப் போகாமல் என்னோடு வாழ்ந்தவள்தான் என்பது நிரூபணமாக வேண்டும். தவறினால் மூன்று பேரும் நாடற்றவர்கள். அவளிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி கணவன் பெயர்.

ஆகவே வீட்டில் ஒத்திகை தொடங்கினேன். நான் நாற்காலியில் விசாரணை அதிகாரியாக உட்காருவேன். அவள் அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்பாள்.

"உமது கணவரின் பெயர் யாது?"

"ஏங்க, தொரை இப்படியா பேசுவாரு? செத்த வீட்ல பேசுற மாதிரி இருக்கு."

"கேட்டதற்குப் பதில் சொல்லு."

அவள் உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் கோபப்பட்டதும் சிரிப்பு நிற்கும்.

"சொன்னா உங்களுக்கு ஆகாதுங்க. நீங்க போயிட்டா பிரஜா உரிமைய வச்சு நான் என்ன பண்றது? ஊறுகா போடுறதா?"

"அப்ப அரைப் பேராவது சொல்லு. முதல் பாதி இன்னைக்கு, ரெண்டாவது பாதி நாளைக்கு."

"அரைப் பேருக்கு அரை ஆயுசு போயிருச்சுன்னா?"

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. "மூடநம்பிக்கை" என்றேன். "உன்னைக் கட்டினதுக்கு ஒரு கல்லைக் கட்டியிருக்கலாம்" என்றேன். கெஞ்சினேன், மிரட்டினேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவள் தட்டை என் முன்னால் வைத்து, "சாப்பிடுங்க, அங்க வந்து பாத்துக்கலாம்" என்றாள். சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். நான் கேட்க விரும்பியதை அவள் வாயில் நானே வைத்துக்கொண்டேன். அவள் சொன்னது வேறு.

விசாரணை நாளன்று பலாபத்வலவில் பஸ் ஏறினோம். எங்கள் தோட்டத்திலிருந்து அன்றைக்கு அழைக்கப்பட்ட இன்னும் சிலரும் வந்தார்கள். குழந்தையை என் தங்கை பார்த்துக்கொண்டாள். அலுவிகாரையைத் தாண்டும்போது புத்த விகாரைப் பாறைகளைப் பார்த்து மனைவி கைகூப்பினாள். பக்கத்திலிருந்த பெண், "யாரு சாமிக்கு யாரு கும்பிடுறது" என்று கேலி செய்தாள். "யாரு சாமியா இருந்தா என்ன, இன்னைக்கு எல்லாரும் வேணும்" என்றாள் என் மனைவி. கூப்பிய கையை அவள் வெகுதூரம் வரை இறக்கவில்லை. பயத்தில் பெயர் வந்துவிடும் என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

மாத்தளை நகரத்தில் ஓர் அரசாங்கக் கட்டடத்தின் பின்புற அறையில் விசாரணை. அதிகாரி நடுவயதுச் சிங்களவர்; வெள்ளைக் கோட்டு, களைத்த முகம். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நகரத்து முஸ்லிம் மனிதர், துருக்கித் தொப்பி, வாயில் கராம்பு வாசனை. அவர்களை அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்போம்; அவர்கள் பேச்சில் 'சொல்' என்பது 'செல்' ஆகும். வாசலில் ஒரு பியோன். என்னை முதலில் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு வேலை வைக்காமல் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். என் ஆங்கிலத்தை நானே ரசித்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

பிறகு அவளை உள்ளே அழைத்து, என் பக்கத்தில் நிறுத்தினார்கள். எங்கே பிறந்தாய், என்ன வேலை என்று கேட்டார்கள். தெளிவாகச் சொன்னாள். எங்கே கொழுந்து பறிக்கிறாய் என்றதற்கு, "ஏழாம் நம்பர்ல, ஒம்பதாம் நம்பர்ல, பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினொன்னுல" என்றாள். இந்தியாவுக்குப் போயிருக்கிறாயா என்றார்கள். "மாத்தளைக்கே இது நாலாவது தடவைங்க" என்றாள். அதிகாரி லேசாகச் சிரித்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"தங்கச்சி, தொரை கேக்குறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "உங்கட மாப்புள்ளட பேர் என்ன?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இந்தா நிக்கிறாங்களே."

"ஆளத் தெரியுது. பேர் வேணும்."

"அவங்களுக்கு வாய் இருக்குங்க நானா. அவங்ககிட்டயே கேளுங்க."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். மனைவி என்கிறவள் கணவனின் பெயரைச் சொல்லாமல் தான் எதையும் எழுத முடியாது என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை அவளிடம் தமிழில் சொன்னார். அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வேலை, என் மகள், லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் இருந்த ஒற்றைக் காம்பரா எல்லாம் என் கண் முன்னால் வழுக்கிக்கொண்டு போயின.

அப்போது நான் செய்தது இது. ஆங்கிலத்தில் அதிகாரியிடம் சொன்னேன்: "மன்னிக்கவேண்டும் ஐயா. இவள் படிப்பில்லாதவள். இவளுக்கு ஒன்றும் தெரியாது."

அவளுக்கு ஆங்கிலம் புரியாது என்ற தைரியத்தில் சொன்னது. அந்த அறையின் வழக்கம் எனக்குத் தெரியவில்லை. விசாரணையில் யார் எதைச் சொன்னாலும், சாட்சிக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்லியாக வேண்டுமாம். மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் தயங்கினார். அதிகாரி அவரைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கச்சி, உங்கட மாப்புள்ள தொரைகிட்ட செல்றார்... நீங்க படிப்பில்லாதவங்களாம். ஒங்களுக்கு ஒண்டும் தெரியாதாம்" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை விட்டுவிட்டுக் கையைக் கீழே தொங்கவிட்டாள். என்னைப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதிகாரி என் பக்கம் திரும்பாமல் வாசலைப் பார்த்தார். வெளியில் இவர்கள் தோட்டத்து ஆட்கள் இருந்தால் ஒருவரைக் கூப்பிடு என்று பியோனிடம் சொன்னார். எங்கள் தோட்டத்து ஆண்கள் அந்நேரம் பார்த்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தார்கள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தது மூன்று பெண்கள். மூவரும் வாசலில் வந்து நின்றார்கள்.

"இந்த ஆள் யார்?"

"வாத்தியாருங்க" என்றார்கள் மூவரும்.

"பேர்?"

"வாத்தியாருதாங்க."

"அது வேலை. பேர் என்ன?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர் உதவி செய்ய நினைத்து, மனுவிலிருந்து என் பெயரை முழுதாக உரக்கப் படித்தார். "இந்தப் பேர்ல யாரும் உங்கட தோட்டத்துல ஈக்கிறாங்களா?"

மூவரில் வயதானவளுக்கு முகம் மலர்ந்தது. "அட, நம்ம பெரிய கங்காணி! அவரு செத்துப் போயி எம்புட்டு வருசமாச்சு!"

அதிகாரி பேனாவின் மூடியை எடுத்து மாட்டினார். மனுவில் இருப்பது செத்துப்போனவன் பெயர். அந்தக் காலத்தில் ஒருவர் பெயரில் இன்னொருவர் மனுப்போடுவதாக நிறையப் பேச்சு இருந்தது. என் பத்திரங்களை நீட்டினேன். பத்திரம் யாரிடமும் இருக்கலாம் என்றார். படித்தவன், எல்லோருக்கும் மனு எழுதியவன், என் பெயர் என்னுடையதுதான் என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் நின்றேன். என் ஆங்கிலம் முழுவதும் அந்த நேரத்தில் என்னை விட்டுப் போய்விட்டது.

"நானா, நான் ஒன்னு சொல்லலாங்களா?" என்றாள் என் மனைவி.

"செல்லுங்க."

"கூலிக்கு வந்த பொண்டாட்டின்னா கேட்ட ஒடனே பேரைச் சொல்லிட்டுப் போயிருப்பா. தொரைகிட்ட அப்படியே சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவர்போல மேசையிலிருந்த மனுவை எட்டிப் பார்த்தார். என் பெயரின் மேல் விரலை வைத்தார். அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லி அனுமதி கேட்டார். பிறகு சன்னல் பக்கம் கையை நீட்டினார். அங்கே நகரத்துக் கூரைகளுக்கு மேலே மலைத்தொடர் நீலமாக நின்றது.

"தங்கச்சி, அங்கால தூரத்துல நீலமா தெரியுதே, அது என்ன?"

"அதுங்களா? மேடு."

"அவ்வளவு பெரிசா?"

"பெரிய மேடு."

"மேகம் முட்டுதே?"

"ரொம்பப் பெரிய மேடுங்க."

"அதுக்கு வேற பேர் ஒண்டும் இல்லியா?"

"மத்தவங்க என்னமோ சொல்லுவாங்க. எங்க வீட்ல அது கெடையாது."

வாசலில் நின்ற மூவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளர் அவர்களிடம் திரும்பி, "நீங்க செல்லுங்க, அது என்ன?" என்றார். "மலை!" என்றார்கள் மூவரும், பாடசாலைப் பிள்ளைகளைப் போல.

அவர் அதிகாரிக்கு எல்லாவற்றையும் விளக்கினார். ஏழாம் நம்பர், ஒம்பதாம் நம்பர், மேடு, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம், மனுவிலிருந்த பெயரின் வால். வாசலில் நின்ற பியோன் கேட்காமலே சிங்களத்தில், எங்கள் வீட்டிலும் இப்படித்தான், பிள்ளையின் அப்பா என்றுதான் மனைவி என்னைச் சொல்லுவாள் என்றான். "எங்கட ஊட்டுலயும் இதே கூத்துத்தான்" என்றார் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். சன்னலைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அவள் அந்தச் சொல்லை ஒதுக்கியது செத்துப்போன தாத்தாவுக்காகவும் இருக்கலாமே என்று கெட்டிக்காரர் யாராவது கேட்டிருக்கலாம். அதிகாரி கேட்கவில்லை. நானும் எடுத்துக்கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது: "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு கூத்து இருந்திருக்குமா?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவிகாரை வந்தது. இந்தமுறை கைகூப்பவில்லை.

"பேரைக் குடுத்துத்தான் நாட்டை வாங்கணுமா?" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "எனக்கு எங்க தெரியும், படிப்பில்லாதவ. எறங்குற எடம் வந்திருச்சு, எந்திரிங்க வாத்தியாரே" என்றாள்.

வாத்தியாரே. அன்றிலிருந்து அதுதான். "வாத்தியாரே, சோறு ஆறுது." "வாத்தியாரே, புள்ளைக்குக் காய்ச்சல்." கோபமான குரலில் இல்லை. தோட்டத்தில் எல்லோரும் கூப்பிடும் அதே மரியாதையான குரலில். 'ஏங்க' வீட்டை விட்டுப் போய்விட்டது. அது ஒரு சொல் என்பது அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சிவப்புப் பென்சிலால் எதை எழுதி அதைத் திரும்பக் கொண்டுவருவது?

ஒரு வருடத்துக்கு மேல் கழித்துப் பிரஜா உரிமைப் பத்திரம் தபாலில் வந்தது. நான் பாடசாலை விட்டு வந்தபோது அது மேசையில் பிரிக்காமல் இருந்தது. "வாத்தியாரே, உங்க நாடு வந்திருக்கு" என்றாள் அடுப்படியிலிருந்து. உங்க நாடு. அவள் பெற்றுத் தந்த நாடு. அதைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத சாதி ஆண்கள் நாங்கள். எங்கள் சொற்களில் அதற்கு ஒன்று இருந்திருக்கும், நான் தேடவில்லை. அன்றைக்கு வேறொரு முடிவு செய்தேன். அவள் பெயரிலும் ஒரு பொருள் உண்டு. செடியின் நுனியில் விரியும், வண்டு தேடி வரும், பெண்கள் தலையில் வைப்பார்கள், காய் வருவதற்கு முன்னால் வருவது. ஓரெழுத்துச் சொல். அதை இனி வாயால் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். இத்தனை பக்கங்களில் அந்த எழுத்து எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

தமிழ் வாத்தியாருக்கு இது லேசான காரியம் இல்லை. செடியின் பாகங்கள் பாடம் வந்தது. வேர், தண்டு, இலை வரைக்கும் சரி. அடுத்ததற்குப் படத்தில் கையை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். பிள்ளைகள் கத்துவார்கள். "ஆம், அதுதான்" என்பேன். பாடசாலையைப் பார்வையிட வந்த வித்தியாதரிசி, 'இந்த ஆசிரியர் விடையைத் தாம் கூறாமல் மாணவரிடமிருந்தே வருவிக்கும் நல்ல முறையைக் கையாளுகிறார்' என்று பாராட்டி எழுதிவைத்துவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பாராட்டு.

பேத்தி ஒருத்தி கொழும்பில் படிக்கிறாள். இந்தக் கதையைச் சொன்னபோது, அது பெண்ணை அடக்கிவைக்கிற வழக்கம் தாத்தா, அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டாள். சரியாகத்தான் கேட்டாள். வழக்கத்துக்காக நான் வழக்காட வரவில்லை. சொல்லாதே என்று ஒரு கூட்டமும் சொல் என்று ஒரு கூட்டமும் நின்றபோது, யாருக்கும் வாயைக் கொடுக்காமல் நின்ற ஒருத்திக்காக எழுதுகிறேன். அவள் இப்போது இல்லை. ஆனாலும் அவளைப் படிப்பில்லாதவள் என்று இன்னொருவர் சொல்ல விடமாட்டேன். அதைச் சொன்ன வாய் ஒன்று போதும்.

நான் அந்தச் சொல்லை ஒதுக்கிய விஷயம் அந்தக் காலத்திலேயே பாடசாலைப் பிள்ளைகள் வழியாகத்தான் வெளியே போனது. வாத்தியாருக்கு ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது என்று யாரோ ஒரு பிள்ளை தாயிடம் சொல்ல, அது ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தோடு கொழுந்தாகப் பரவியிருக்கிறது. ஒரு நாள் மாலை என் மனைவி வேலை முடிந்து வந்தாள். கூடையை இறக்கவில்லை. வாசலோரத்துச் செம்பருத்தியில் ஒன்றைக் கிள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வாத்தியாரே, இது என்ன?"

"செம்பருத்தி."

"அது செடி. இது?"

"அதோட நுனி."

"நுனியா? செவப்பா விரிஞ்சிருக்கு?"

"செவப்பு நுனி."

"தலையில வச்சுக்குவாங்களே, அதுக்கு வேற பேர் இல்லியா?"

"மத்தவங்க என்னமோ சொல்லுவாங்க" என்றேன். "நம்ம வீட்ல அது கிடையாது."

அவள் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தாள். அந்த அறையில் பார்க்காத பார்வையையும் சேர்த்துப் பார்த்தாள். பிறகு கூடையோடு வாசற்படியில் உட்கார்ந்து, கொழுந்துத் தூசி பறக்கச் சிரித்தாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஏங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னங்க இது, படிப்பில்லாத ஆளாட்டம்!"